மணி அடிச்சாச்சு… கேட்டுச்சா?



மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழு கடிதம் போட்டபோது, "கணிப்பொறி பற்றி ஏதாவது வரலாறாக எழுதுங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். வரலாறு எழுதுவதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கட்டுரைக்கு வித்தே அந்தக் குற்றம்தான்.

1990-களின் நடுப்பகுதி. நம் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே மொத்தக் கல்லூரியிலும் இல்லாத குளிர். ஒரு சர்வர், அதோடு கேபிளில் கோத்த கணிப்பொறிகள், எல்லாவற்றையும் இணைத்த நாவல் நெட்வேர். ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினால் பழனி மலைத்தொடர் நீலமாகத் தெரியும்.

பிராக்டிகல் பரீட்சை. என் நண்பன் கடைசி மூலையில், சுவர்க் கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். என் வேலை முடிந்துவிட்டது. அவனோ மும்முரமாக அடித்துக்கொண்டே இருந்தான். நேரம் போவது அவனுக்குத் தெரியாதே என்ற நல்லெண்ணத்தில் நெட்வேரின் 'சென்ட்' கட்டளையைப் போட்டு, "மாப்ளே, 10 நிமிஷம்தான் இருக்கு, சேவ் பண்ணிடு" என்று தட்டி அனுப்பினேன். மூலையிலிருந்து 'பீப்' என்று சத்தம் வந்தது. ஆகா, போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தக் காலத்து நெட்வேரில் செய்தி திரையின் கடைசி வரியில் வந்து நிற்கும். கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தும்வரை கணிப்பொறி வேறு எந்த வேலையும் செய்யாது. இது அவனுக்கும் தெரியாது. மெஷின் 'ஹேங்' ஆகிவிட்டது என்று பயந்து, நாலு கட்டைகளைத் தட்டிப் பார்த்து, கடைசியில் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டான். எழுதிய புரோகிராம் முழுதும் போச்சு! அந்தப் பேப்பரில் அவனுக்கு அரியர் விழுந்தது. "பாழாப்போன மெஷின்" என்று வருடக்கணக்காக அவன் திட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மணி அடிப்பது எப்போது முழுமையாகிறது? சத்தம் வந்தபோதா, காதில் விழுந்தபோதா, அல்லது புரிந்தபோதா? இதைத் தேடிப் போனதில் நம் ஊர்ப் பக்கத்திலேயே பெரிய வரலாறு கிடைத்தது. அதைத்தான் பகிர்ந்துகொள்கிறேன்.

சத்தம் நடந்து வரும் வேகம்

திருச்செந்தூரில் முருகனுக்குப் பூஜை முடிந்த பிறகே பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவார் என்றும், அதற்காக வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து மணியைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிக்க ஆள் வைத்திருந்தார் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே திருமலை நாயக்கர் இப்படி ஏற்பாடு செய்ததாகவும் சொல்வார்கள். செவிவழிச் செய்திதான் என்றாலும் அதில் இருக்கிற யோசனை சுத்தமான நெட்வொர்க் யோசனை. சத்தம் தேய்கிற இடத்தில் ஒருவன் நின்று, கேட்டதை மறுபடி புதிதாக எழுப்புகிறான். இதே வேலையைச் செய்யும் பெட்டிக்கு நம் லேபில் 'ரிப்பீட்டர்' என்று பெயர்.

ஆனால் சத்தத்துக்கு ஒரு குறை உண்டு. அது மெதுவாக வரும். இதைச் சென்னையில் அளந்தே காட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வான் ஆய்வகத்தின் வானியலாளர் அவர். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகப் பீரங்கி முழங்கும். ஆய்வகத்திலிருந்து பார்த்து, வெடித்த ஒளி கண்ணில் பட்ட நேரத்துக்கும் சத்தம் காதில் விழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்தார்கள். கோட்டை ஏறக்குறைய 4 கிலோமீட்டர், பரங்கிமலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். முன்னதற்குச் சுமார் 12 விநாடி, பின்னதற்குச் சுமார் 26 விநாடி ஆகும். வெயிலும் ஈரமும் காற்றும் மாறினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதையும் அவர் எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி 1823-ல் அந்த ஆய்வை வெளியிட்டது.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பழனியிலிருந்து கொடைக்கானல் பஸ் ரோட்டில் சுமார் 65 கிலோமீட்டர். காகம் பறக்கிற நேர்வழியில் 25-க்குள்தான். பழனியில் போட்ட வெடி கொடைக்கானலில் கேட்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, அது மலையேறி வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். "இப்போது மணி எட்டு" என்று சொல்வதற்காக வருகிற சத்தம், வந்து சேரும்போது எட்டு மணி தாண்டிவிட்டிருக்கும்!

கம்பி வழியே போனது எது?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு வாத்தியார் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. அமெரிக்காவில் ஆல்பனி அகாடமியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜோசப் ஹென்றி, 1831-ல் ஒரு மைலுக்கும் அதிகமான கம்பியை வகுப்பறையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் மின்காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் காந்தத்தண்டு ஒன்று திரும்பி மணியில் போய் இடித்தது. 'டிங்!' மாணவர்கள் எப்படி வாய் பிளந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்குள் கம்பி கட்டி, இங்கிருந்து அங்கே மணி அடிப்பது. நம் லேபின் கொள்ளுத்தாத்தா அந்த வகுப்பறைதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. அந்தக் கம்பியில் சத்தம் போகவில்லை. 'சத்தம் போடு' என்ற கட்டளைதான் போனது. சத்தம் பிறந்தது கேட்பவரின் காதுக்குப் பக்கத்தில். அதனால்தான் தாமதமும் இல்லை, தேய்மானமும் இல்லை. இன்றுவரை எல்லா அலாரங்களும் இந்த ஒரே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

தந்தி வந்த பிறகு சென்னை ஆய்வகத்தின் கடிகாரம் நாட்டுக்கே பெரிய ஆளாகிவிட்டது. கோல்டிங்ஹாம் 1802-ல் கணக்கிட்ட தீர்க்கரேகையின்படி, சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவில் நின்ற சென்னை நேரத்தைத்தான் ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. ஆய்வகக் கடிகாரத்தோடு இணைத்து, இரவு 8 மணிக்குப் பீரங்கி முழங்கும் ஏற்பாடும் இருந்தது.

நம் மலை கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். சூரியனை ஆராயத் தெளிந்த வானம் வேண்டும் என்று தேடி, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் சென்னை ஆய்வகமும் கொடைக்கானல் ஆய்வகமும் ஒரே இயக்குநரின் கீழ் வந்தன. மிக்கி ஸ்மித் என்பவர் அந்த முதல் இயக்குநர். வானியல் 2,343 மீட்டர் உயரத்துக்கு மலையேறிப் போய்விட்டது. நேரம் காட்டும் வேலை மட்டும் 1931 வரை சென்னையிலேயே தங்கியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கே கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே பொது நேரம் வந்தது. சென்னை நேரத்திலிருந்து ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம்.

கொடைக்கானல் டூர் போனபோது நாமெல்லோரும் அந்த ஆய்வகத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருப்போம். ஸ்வெட்டரையும் சாக்லெட்டையும் பார்த்த அளவுக்கு அங்கிருந்த சூரியப் படங்களைப் பார்த்தோமா என்பது வேறு விஷயம்! 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான், சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு படமும் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. நேரம் தப்பினால் அது வெறும் வட்டம்.

மலையடிவார ரயில் பாடம்

அறிவியலுக்கு நேரம் தப்பினால் ஒரு படம் போகும். ரயிலுக்கு மணி தப்பினால் உயிர் போகும்.

1889 ஜூன் 12. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன சுற்றுலா ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பெட்டிகளை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை மட்டும் கொண்டுபோக முயன்றபோது, பின்பகுதி சரிவில் உருள ஆரம்பித்தது. பின்னாலேயே அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. அந்தத் தடத்தில் 'முன் வண்டி போய் இத்தனை நிமிடம் ஆனால் அடுத்ததை விடலாம்' என்பதே வழக்கம். முன் வண்டி உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே வருடம் பிரிட்டனில் சட்டம் வந்தது. அடுத்த ஸ்டேஷனோடு பேசி 'பாதை காலி' என்று தெரிந்துகொள்ளாமல் பயணிகள் வண்டியை அனுப்பக்கூடாது. இதுதான் 'பிளாக்' முறை.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குகிற கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி இறங்கி, 'கொடைக்கானல் எங்கே?' என்று கேட்டு, இன்னும் மூணு மணி நேரம் பஸ்ஸில் போகணும் என்று தெரிந்து தலையில் கை வைத்தவர்கள் நம்மிலேயே உண்டு. நம் பக்கத்து ஒற்றைத் தடங்களில் ரயிலில் போனவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். டிரைவர் கையை நீட்ட, பிளாட்பாரத்தில் நிற்பவர் ஒரு வளையத்தைக் கொடுப்பார். வளையத்தில் தோல்பை, பைக்குள் உலோக உருண்டை. அதுதான் டோக்கன், அடுத்த ஸ்டேஷன் வரை போவதற்கான அனுமதி. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருக்கிற கருவியிலிருந்து, பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரும் ஒப்புக்கொண்டால்தான் அந்த உருண்டை வெளியே வரும்.

இரண்டு ஸ்டேஷன், இரண்டு கருவி, நடுவில் கம்பி, அதில் மணி. இந்த மணிக்கு ஒரு மொழியே உண்டு. இந்திய ரயில்வேயின் பொது விதிகளின்படி ஒரு அடி என்றால் 'கவனி, போனை எடு'. இரண்டு அடி, 'பாதை காலியா?' மூன்று அடி, 'வண்டி கிளம்பிவிட்டது'. நான்கு, 'வண்டி வந்து சேர்ந்தது'. ஐந்து, 'முன்னே சொன்னதை ரத்து செய்'. ஆறு அடி விழுந்தால் ஆபத்து! ஆறோடு கொஞ்சம் நிறுத்தி ஒன்று அடித்தால், 'வண்டியை நிறுத்திச் சோதனை போடு'. ஆறும் மூன்றும் என்றால், 'வண்டி பிரிந்துவிட்டது'. கருவியைச் சோதிக்க மட்டும் பதினாறு அடி. இரண்டு பக்கத்து ஸ்டேஷன்களுக்கும் ஒரே அறையில் கருவி இருப்பதால், ஒரு பக்கத்துக்கு மணியும் மறுபக்கத்துக்குக் 'காங்'கும் வைத்து, சத்தத்தைக் கொண்டே யார் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஏற்பாடும் உண்டு. இன்று போனில் ஆளுக்கு ஒரு ரிங்டோன் வைக்கிறோமே, அதே யோசனை.

எனக்கு மெய்சிலிர்த்தது இந்தக் குறியீட்டைப் படித்து அல்ல. அதோடு சேர்ந்த விதிகளைப் படித்து. மணியைக் கேட்டவர் அதே அடிகளைத் திருப்பி அடித்து ஒப்புகை தர வேண்டும். தெளிவாகப் புரியும்வரை ஒப்புகை தரக்கூடாது. சரியான ஒப்புகை வரும்வரை, தான் அனுப்பியது புரிந்துவிட்டதாக அனுப்பியவர் எடுத்துக்கொள்ளக்கூடாது. பதில் வராவிட்டால் 20 விநாடிக்குக் குறையாத இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அடிக்க வேண்டும்.

மூன்று விதி. என் நண்பனின் அரியருக்கு மருந்து இந்த மூன்றிலும் இருந்தது. நான் பீப் சத்தத்தோடு எழுந்து போய்விட்டேன்!

ஏழாம் எண்ணின் கதை

ரயில் மணியிலிருந்து கணிப்பொறிக்கு வருகிற வழியில் டெலிபிரிண்டர் நிற்கிறது. பத்திரிகை அலுவலகங்களில் கடகடவென்று தானே அச்சடித்துக்கொண்டிருக்கும் கருவி. அதன் எழுத்துக் குறியீட்டுக்குள்ளேயே மணிக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்கள். அவசரச் செய்தி வந்தால் மணி பலமுறை அடிக்கும். டீ குடிக்கப் போன உதவி ஆசிரியர் ஓடி வருவார்.

1963-ல் அமெரிக்காவில் கணிப்பொறிகளுக்கும் டெலிபிரிண்டர்களுக்கும் பொதுவாக 'ஆஸ்கி' என்ற எழுத்துக் குறியீடு வகுத்தபோது, அந்த மணியையும் மறக்காமல் சேர்த்தார்கள். 'ஏ' என்ற எழுத்துக்கு எண் 65. மணிக்கு எண் 7. அதாவது கணிப்பொறியைப் பொறுத்தவரை மணிச் சத்தமும் ஒரு எழுத்து! கன்ட்ரோலோடு 'ஜி' அழுத்தினால் அந்த எழுத்து பிறக்கும். டெலிடைப் கருவியில் அது நிஜ மணியை அடித்தது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் சின்ன ஸ்பீக்கரில் பீப் என்றது. சி மொழி படிக்கிற தம்பி தங்கைகள் பின்சாய்கோடும் 'ஏ'-யும் போட்டுப் பார்க்கலாம்; அந்த 'ஏ' எச்சரிக்கையைக் குறிக்கும்.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். உங்கள் மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியே வேறொரு லினக்ஸ் மெஷினுக்குள் நுழைந்து, அங்கே ஏழாம் எண்ணை அச்சடிக்கச் சொல்லுங்கள். புரோகிராம் ஓடுவது அங்கே. சத்தம் வருவது உங்கள் மெஷினில். ஜோசப் ஹென்றியின் வகுப்பறைதான் மறுபடியும். கம்பியில் போவது கட்டளை, சத்தம் கேட்பவர் வீட்டில். அங்கே ஸ்பீக்கரை மூடி வைத்திருந்தால்? அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது. செவிடன் காதில் ஊதிய சங்கு!

லேபுக்குள் வந்த மணி

1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸில், புது மெயில் வந்தால் முனையத்தில் மணியடித்துச் சொல்ல ஒரு புரோகிராம் இருந்தது. பெயர் 'பிஃப்'. அங்கே வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாயின் பெயர் அது! பிறகு நெட்வேரின் 'சென்ட்', விண்டோஸ் என்.டி.யின் 'நெட் சென்ட்' என்று வரிசையாக வந்தன. 'நெட் சென்ட்' கதை முடிந்த விதமும் ஒரு பாடம்தான். ஆபீசுக்குள் இருக்க வேண்டிய மணியை இன்டர்நெட் வழியாக வெளியாட்களும் அடிக்க ஆரம்பித்து, விளம்பரமாகக் கொட்டினார்கள். 2004-ல் எக்ஸ்.பி.யின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் அதை அணைத்து வைத்தார்கள். விஸ்டாவில் அடியோடு எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றால் மணிக்கு மரியாதை போய்விடும்.

அதற்கப்புறம் 'எம்.எஸ்.ஜி.' என்ற கட்டளை இருக்கிறது. அதில் 'டபிள்யூ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால், எதிர்முனையில் இருப்பவர் 'சரி' என்று அமுக்கும்வரை நம் மெஷின் காத்திருக்கும். ஸ்டேஷன் மாஸ்டரின் விதி மெல்ல உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

நெட்வொர்க்கின் அடித்தளத்திலும் இதே கதைதான். 1980-ல் வகுத்த யு.டி.பி. என்ற முறையில் அனுப்பினால், அனுப்பியதோடு கைகழுவல். 1981-ல் முழுமையாக வரையறுத்த டி.சி.பி. முறையிலோ ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். அதுவும் போதாது என்பதுதான் என் வாதம். டி.சி.பி. தருவது மெஷினின் ஒப்புகை, மனிதனுடையது அல்ல. இன்றைய பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் நம்மிடமிருந்து போயிற்று. இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போயிற்று. நீல டிக் என்றால் பார்த்துவிட்டார். புரிந்துகொண்டார் என்பதற்கு டிக் உண்டா? இல்லை. அந்த டிக் ரயில்வேயிடம் மட்டும்தான் இருந்தது, திருப்பி அடித்த மணியாக.

2023-ல் போன்கள் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் ஒருவழி மணி. நம் மலைக் கிராமங்களில் சிக்னல் எட்டாத மடிப்புகள் எத்தனை என்று நம் எல்லோருக்கும் தெரியும். மழைக் காலத்தில் அங்கே மணி போய்ச் சேர்ந்ததா என்று திருப்பிக் கேட்க, கடைசியில் ஒரு ஆள் வேண்டும். நாளைக்கு எச்சரிக்கைக் கருவிகளை வடிவமைக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு இந்த அண்ணன் சொல்வது இதுதான். சத்தம் போடச் செய்வது சுலபம். "கேட்டேன், புரிந்தது" என்ற பதிலுக்கு வழி வைத்தால்தான் வேலை முடிந்தது.

முடிக்கிறேன். என் நண்பன் இந்த ஆண்டு ரீயூனியனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த மலர் அவன் கைக்கும் போகும்.

மாப்ளே, அன்னைக்கு உன் மெஷின் ஹேங் ஆகலைடா. நான் அனுப்புன மெசேஜ்தான் அது. கன்ட்ரோல் என்டர் அமுக்கியிருந்தா எல்லாம் அப்படியே இருந்திருக்கும். இத்தனை வருஷம் சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோ. படிச்சது புரிஞ்சுதுன்னா, ரீயூனியன் ஹாலில் வந்து என் முதுகுல நாலு அடி போடு. 'வண்டி வந்து சேர்ந்தது'ன்னு எடுத்துக்கறேன்.